ஹுடைமா வாசலில் கொடி

கொடியைப் பார்த்ததும் செல்மரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பனிப்புயல் ஓய்ந்த காலை. பனி வழிக்கும் கிரேடர் வண்டியை நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான். சந்தேகமே இல்லை. ஹுடைமாவின் வீட்டுப் பாதை சாலையில் வந்து சேரும் இடத்தில், தபால் பெட்டிக்குப் பக்கத்தில், சிவப்பாக ஒன்று படபடத்துக்கொண்டிருந்தது.

கனடாவின் சஸ்காட்செவனில் அந்த ஊராட்சியின் கிரேடர் சாலையில் கிடக்கும் பனியைத்தான் வழிக்கும். பாதை முனையில் கொடி நட்டிருந்தால் மட்டும் உள்ளே திரும்பி, வீடு வரைக்கும் வழித்துக் கொடுக்கும். கொடி இல்லாத வீட்டை ஏறிட்டும் பார்க்காது.

இந்த ஏற்பாடே கூடாது என்று மன்றத்தில் ஒற்றை ஆளாக நின்றவர் நான்காம் வார்டு கவுன்சிலர் நெஸ்டர் ஹுடைமா.

"ஊர் டீசல்ல உங்க வீட்டு வாசலைப் பெருக்கணுமா? கை கால் நல்லாத்தானே இருக்கு?" என்று தலைவரையே கேட்டவர். தோற்ற பிறகும் விடவில்லை. கொடி நட்டவன் காபிக் கடையில் மாட்டினால் தொலைந்தான். "என்னப்பா, சோம்பேறிக் கொடி ஏத்திட்டியாமே!"

அவரும் மனைவி நெட்டியும் மட்டும் இருக்கும் வீடு அது. எத்தனை பனி கொட்டினாலும் தன் பழைய டிராக்டரில் அவரே வழித்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவர் வாசலில் கொடி. அதுவும் ஆபீசில் கொடுக்கிற கொடியில்லை. மண்வெட்டிக் காம்பில் கட்டிய, பூப்போட்ட சிவப்புத் தலைத்துணி.

காபிக் கடைக் கூட்டத்தின் வேலை. விடிந்தும் விடியாமல் பனிமேல் ஓடும் சின்ன வண்டியில் வந்து நட்டுவிட்டுப் போயிருப்பார்கள். கிரேடர் உள்ளே போக வேண்டும், கிழவர் தாம்தூம் என்று குதித்துக்கொண்டு ஓடி வர வேண்டும், அதை வைத்து வசந்தம் வரைக்கும் சிரிக்க வேண்டும்.

செல்மருக்கும் அந்த வேடிக்கையைப் பார்க்க ஆசைதான். ஆனால் ஹுடைமாமேல் அவனுக்குத் தனி மரியாதை. கிரேடரில் வேலை செய்யாத ஹீட்டரோடு அவன் நடுங்கிக் கிடந்தபோது, கூட்டத்தில் மேசையைத் தட்டிப் புது ஹீட்டர் வாங்கிக் கொடுத்தவர். அவரைக் கேலிப்பொருளாக்க மனசு வரவில்லை.

அவர் கண்ணில் படுவதற்குள் எடுத்துவிடலாம் என்று இறங்கினான். கொடி லேசில் வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி ஆட்டித்தான் பிடுங்க வேண்டியிருந்தது.

உருட்டி, இருக்கைக்குப் பின்னால் போட்டான். நூல் பிடித்தாற்போல் வடக்கே போகும் சாலையில் சிரித்துக்கொண்டே அடுத்த மைலுக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை ஊராட்சி ஆபீசிலிருந்து வெர்னா ரேடியோவில் கூப்பிட்டாள்.

"செல்மர், டெலிபோன் கம்பியெல்லாம் இப்பதான் சரியாச்சு. மொதல்ல ஹுடைமா வீட்டுக்குப் போ. வீடு வரைக்கும் வழிச்சுடு. நல்லா அகலமா."

"அவர் வீட்டுக்கா? கொடி எங்கேன்னு கேளு!"



"நெட்டி போயிட்டாங்க, செல்மர். நேத்து சாயங்காலம். சவ வண்டி உள்ள வரணும்."

அதற்குப் பிறகு எந்தத் திருப்பத்தில் திரும்பினான், எப்படி வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

ஹுடைமா தபால் பெட்டிக்குப் பக்கத்தில் முட்டி போட்டிருந்தார். ராத்திரிக் காற்று தடங்களையெல்லாம் மூடியிருந்தது. அவர் கையுறைக் கைகளால் பனியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"டிராக்டர் கிளம்பல, தம்பி," என்றார், அவன் முகத்தைப் பார்க்காமல். "டெலிபோன் இல்ல. அவளுக்கு மூச்சு இழுக்குது. பாதை தெறந்தா எப்படியாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடலாம்னு, வெக்கத்தை விட்டு நானும் கொடி நட்டேன்."

செல்மர் திரும்பிக் கிரேடரைப் பார்த்தான்.

"நேத்து உன் வண்டிச் சத்தம் கேட்டுச்சு. இங்க நின்ன மாதிரிகூட இருந்துச்சு. வந்துட்டான் பாருன்னு அவகிட்ட சொன்னேன்."

செல்மர் சொல்லிவிடத்தான் நினைத்தான். வாயைத் திறந்தான். குளிர்க்காற்றுதான் உள்ளே போனது.

"உன்மேல குத்தமில்ல. கொடி காத்துல போயிருக்கும். இந்த வாய் எத்தன பேரைக் கிண்டல் பண்ணியிருக்கும், எனக்கு ஒரு கொடி நடத் தெரியல பாரு. இன்னும் கொஞ்சம் ஆழமா நட்டிருக்கணும்."

மீண்டும் பனியைக் கிளறினார்.

"அவளோட தலைத்துணி அது. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குக் கட்டுறது. பொட்டியில வெக்கும்போது தலையில கட்டிவிடலாம்னு பாக்குறேன். இங்கதான் எங்கயாவது கெடக்கும்."

பின்னால் கிரேடர் உறுமிக்கொண்டு நின்றது. ஹீட்டர் நன்றாக வேலை செய்தது. உள்ளே, இருக்கைக்குப் பின்னால், துணி இந்நேரம் காய்ந்திருக்கும்.

செல்மரும் அவர் பக்கத்தில் முட்டி போட்டு, பனியைக் கிளற ஆரம்பித்தான்.