பாதிக் கதை

ஹெப்பகோடி கார்மெண்ட்ஸில் தையல் வேலை முடிந்து வந்த எஸ்தருக்கு, செல்போனும் கையுமாக இருந்த மகளைக் கண்டதும் கோபம் தலைக்கேறியது.

"நான் இல்லாதப்ப இதைத் தொடக்கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

"இலவச லைப்ரரி ஆப்தான் மம்மி. கதை படிக்கிறேன்" என்றாள் பெனிட்டா.

"தெரியுதுடி! எவ்ளோ படிச்சே?"

"முடியப்போவுது."

எஸ்தர் போனைப் பிடுங்கினாள். திரை முழுக்கத் தமிழ். மகள் அந்த லைப்ரரியில்தான் தமிழ் படிக்கவே கற்றாள். கன்னட மீடியத்தில் படித்த எஸ்தருக்கோ ஓரெழுத்தும் தெரியாது.

"நேத்து அந்தப் பொண்ணு கிணத்துல விழுந்ததோட நிறுத்திட்டே. மெஷின்ல உக்காந்து நாளெல்லாம் அதையே நெனச்சிட்டிருந்தேன். என்னை விட்டுட்டு நீ மட்டும் படிப்பியா?"

போனை மகள் கையில் திணித்தாள்.

"கிணத்துலேருந்து படி, சத்தமா!"