ஏழு டீ

கிளைட்டன் ஒரே வள்ளத்தில் இலங்கைக்குக் கஞ்சா கடத்தத் தொடங்கினான். ஐந்தே வருடத்தில் கடற்கரை முழுக்க அவன் ஆட்கள் இருந்தார்கள். பிறகு ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்துச் சிறைக்குப் போனார்கள். மிஞ்சிய ஆறு பேரோடு கடலுக்குப் போன கிளைட்டன் திரும்பவில்லை. படகு மட்டும் கவிழ்ந்து கிடைத்தது. அவன் மனைவி விக்டோரியாவோடு தெருவில் யாரும் பேசுவதில்லை.

மூன்று வருடம் கழித்து ஒரு மாலையில், டீக்கடையைப் புதிதாக எடுத்திருந்த செந்தூர்வேல் ஏழு டீயோடு வாசலில் நின்றார்.

“யாரு சொன்னா?”

“உங்க வீட்டுக்காரருதான், யக்கா. கடைக்கு வந்து சொல்லிட்டுப் போனாவ. ஆளு வந்திருக்காவளாம்.”

விக்டோரியா தட்டை வாங்கிக் கூடத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அரைமணி நேரத்தில் அவர் கிளாஸ் எடுக்க வந்தபோது ஏழும் காலியாக இருந்தன.

“நாளைக்கு எட்டாக் கொண்டாங்க,” என்றாள். “எனக்கு ஒண்ணு சொல்ல மறந்துட்டாவ.”