கயிற்றுக்கு உள்ளே

பழைய கோல்ஃப் மைதானத்தில், ஆட வருபவர்கள் நடந்து நடந்து தேய்ந்த புல்லைச் சுற்றித் யாரும் மிதிக்காதபடி தோட்டக்காரர் கயிறு கட்டுவார். அது பச்சையானதும் கயிறு அடுத்த புல்லுக்குப் போகும்.

கயிற்றுக்குள் இருந்த புல் இரண்டு வாரத்தில் தேறிவிட்டது. ஆனால் கயிறு போய்விடுமே என்று தண்ணீர் குடிக்காமல் வெளுத்துக் கிடந்தது.

"அக்கா, எனக்கு வேரே வெளியே தெரியுது. கொஞ்சம் பச்சை காட்டேன்" என்றது வெளியே மிதிபட்ட புல்.

"நான் சீக்காளிடி. நீ கெட்டியானவ, தாங்குவே."

கயிறு கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

மூன்று மாதம் கழித்துத் தோட்டக்காரர் வந்தார். "இவ்வளவு நாள் ஓய்வு கொடுத்தும் தேறலையே, இனி எங்கே தேறப்போகுது" என்று வெளுத்த புல்லின்மேல் ஜல்லி கொட்டிப் பாதை போட்டார்.

பிறகு கயிற்றை அடுத்த புல்லைச் சுற்றிக் கட்டினார். உள்ளே மண்தான் இருந்தது.