மெழுகிய கரை

"ஏளா செண்பகம், அந்த நண்டு வளையையும் அடைச்சிரு. ஆபீசர் வாரப்ப கரை அலங்கோலமாக் கிடந்தா நமக்குத்தான் கேவலம்!"

குளத்தங்கரைக்குக் கீழே குடியிருந்த சீனித்தாய், மகளை ஏவிக்கொண்டே, போன மழையில் கசிந்த இடமெல்லாம் களிமண் அப்பிச் சாணி போட்டு மெழுகினாள்.

ஜீப்பில் வந்த பொதுப்பணித்துறை ஆபீசர் கரைமேல் நடந்து பார்த்தார். அவள் கொடுத்த மோரைக் குடித்தார்.

"கரையை வீடு மாதிரி வச்சிருக்கீங்கம்மா!"

பாவம், அவளுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தபால்காரர் சங்கரலிங்கம் நனைந்தபடியே அவளுக்கு வந்த சர்க்கார் கடிதத்தை வாசித்தார்.

"கரை உடையப்போகுதுன்னு மூணு வருசமா நீ மனு போட்டேல்லா? நேர்ல வந்து பாத்தாகளாம். கரை நல்லா இருக்காம். மராமத்து தேவையில்லையாம்."

"மெழுகாம விட்டிருக்கணுமோ அண்ணாச்சி?"

அவர் அவள் முதுகுக்குப் பின்னால், மெழுகின மண் பெயர்ந்து கலங்கல் தண்ணீர் ஒழுகுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.