ஒன்றரைச் சுற்று

அன்று பார்வையாளர் படியின் முதல் வரிசையில் இருந்தவர்கள் நான், என் தம்பி, தம்பி மனைவி. கீழே குளத்தின் ஓரத்தில் நடுவரும் டைவிங் பயிற்சியாளரும். மூன்று மீட்டர் பலகைக்குப் போகும் ஏணியின் அடியில், தம்பி மகள்.

மற்றவர்கள் அவரவர் பிள்ளைகளுக்காக வந்தவர்கள். அவர்கள் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம்.

எங்கள் வீட்டில் எல்லோரும் காலால் தரையிறங்கியவர்கள். அப்பா, நான், தம்பி. இறங்கியபின் அரை அடி தடுமாறினாலும் அப்பா அன்று முழுக்க யாரோடும் பேச மாட்டார். அவருக்குப் பிறகு ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தை நடத்துகிறவள் நான்.

தம்பி மகளுக்கு ஆறு வயதில் உள்ளங்கையில் வெள்ளைப் பொடி பூசிவிட்டது நான். கொப்புளம் உடைந்தால் கட்டுப்போட்டது நான். குருவி என்று பெயர் வைத்ததும் நான்.

பதிமூன்றாவது வயதில் மளமளவென்று வளர்ந்தாள். மேல்கம்பியில் சுழன்றால் கால் கீழ்க்கம்பியில் இடித்தது. தம்பி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளைக் குளத்துக்கு அழைத்துப் போனான்.

இதோ, இளையோர் அணித் தேர்வு. இரண்டு பேருக்குத்தான் இடம். கடைசிக் குதிப்புக்கு முன் அவள் இரண்டாவதாக இருந்தாள்.

"பாத்தீங்களா அண்ணி, எட்டே மாசத்துல!" என்றாள் தம்பி மனைவி.

"ஏழு வருஷம் எட்டு மாசம்" என்றேன்.

தம்பி இருமினான்.

"நம்ம வீட்டுப் பொண்ணு தலைகீழா விழறத உக்காந்து பாக்கணுமாடா?"

"தண்ணியில எப்படிக்கா நிக்கிறது?" என்றான். சொல்லிவிட்டு அவனே சிரித்துக்கொண்டான்.

அந்தப் பயிற்சியாளருக்கு முப்பது வயதுகூட இருக்காது. ரப்பர் செருப்பு, வாயில் சூயிங்கம். கூடத்துக்குள் அப்படி ஒருத்தி வந்திருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன்.

"ஏய் தவளை, மூஞ்சிய ஏன் உர்ருன்னு வச்சிருக்க? சிரி!" என்று ஈரத் துண்டைச் சுருட்டி அவள்மேல் எறிந்தாள்.

என் குருவி அதை எட்டிப் பிடித்துப் பல் தெரியச் சிரித்தது.

ஏழு வருடத்தில் கூடத்துக்குள் அவள் பல்லை நான் பார்த்ததில்லை.

ஏணியில் ஏறினாள்.

எங்கள் கூடத்தில் எந்தப் பெண்ணும் ஓடத் தொடங்குவதற்கு முன் என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையசைத்த பிறகுதான் கால் நகரும். இவளும் பார்ப்பாள் என்று முதுகை இன்னும் நிமிர்த்தி உட்கார்ந்தேன். தேடுகிறவளுக்கு உடனே கண்ணில் படட்டும்.

அவள் ரப்பர் செருப்புக்காரியைப் பார்த்தாள். செருப்புக்காரி தலையசைத்தாள்.

கடைசிக் குதிப்பு, முன்பக்கம் ஒன்றரைச் சுற்று. நாங்களும் அதே சுற்றைத்தான் போடுகிறோம், ஆனால் ஒன்றோடு நிறுத்திவிடுவோம். ஒன்று முடிந்தால் கால் தரையில். இன்னும் அரை கூடினால் தலை தண்ணீரில். இதற்குப் பெயர் முன்னேற்றமாம்.

காற்றில் புரளுகிறவளுக்குத் தரை தெரியாது. எந்த இடத்தில் உடம்பை விரிக்க வேண்டும் என்று கீழே நின்று நான்தான் சொல்வேன். ஒரே சொல், 'இறங்கு.' அது காதுக்குப் போவதில்லை, நேராக முழங்காலுக்குப் போகும். நான் வளர்த்த பெண்களுக்குத் தூக்கத்தில் சொன்னாலும் கால் நீளும்.

விசில் ஊதினார்கள். குளம் முழுக்க அடங்கியது.

மூன்று அடி, ஒரு துள்ளல். பலகை வளைந்து அவளை மேலே எறிந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு பந்தாகச் சுழன்றாள். அழகாக இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

"இறங்கு!"

பந்து விரிந்தது. கால்கள் நீண்டு தரையைத் தேடின.

பாதம்தான் முதலில் தண்ணீரைத் தொட்டது. கைகள் இரண்டும் தலைக்கு மேலே, கோணல் இல்லாமல், எங்கள் கூடத்துப் பெண் நிற்பது மாதிரியே. அப்படியே உள்ளே போனாள்.

தலை முதலில் போக வேண்டிய குதிப்பில் கால் முதலில் போனால் பூஜ்யம். நடுவர் அறிவித்தார்.

கரையேறியவளிடம் அவரே நடந்து போனார். நல்ல மனிதர். "மேலேர்ந்து யாரோ கத்தினாங்களே, அதனாலயாம்மா? சொல்லு, இன்னொரு தடவை குதிக்க விடறேன்."

தம்பி என் பக்கம் திரும்பவில்லை. தம்பி மனைவி கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அப்போதுதான் குருவி என்னைப் பார்த்தாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, நேராக, கண் இமைக்காமல். கூடத்தில் பார்ப்பதுபோல.

"எனக்கு எதுவும் கேக்கல சார்" என்றாள்.

மூன்றாவதாக இருந்த பெண் அணிக்குப் போனாள்.

அதன்பிறகு குருவி எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. ஆனால் உறவுக்காரர்கள் நடுவில் ஒரு பேச்சு நடமாடுகிறது. பாவம், வயதாகிவிட்டது, கூடத்தில் இருப்பதாக நினைத்துப் பழக்கதோஷத்தில் கத்திவிட்டாள் என்று. தொடங்கியது தம்பி மனைவி. குடும்ப மானத்தைக் காப்பாற்றுகிறாளாம்.

அந்தப் பேச்சு தவறு. எனக்கு மறதி கிடையாது.

முக்கால் சுற்றில் சொன்னால்தான் ஒன்றில் கால் நீளும். எண்ணிக்கொண்டிருந்து, முக்காலில் சொன்னேன்.