கதவுக்கு வெளியே மணியடிப்பவன்

அப்பாவின் கட்டிலருகே இருந்த, இதயத் துடிப்பைக் காட்டும் கருவிக்குள் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். துடிப்பைப் பதிப்பவன் எல்லோருக்கும் கீழே. அதைத் திரையில் வரைபவன் அவனுக்கு மேலே. துடிப்பு நின்றால் மணியடிப்பவன் எல்லோருக்கும் மேலே. மேலே இருப்பவனுக்கு வேலை வந்தால் கீழே இருப்பவன் அசையாமல் அப்படியே நிற்க வேண்டும். அங்கே அதுதான் சட்டம். துடிப்புகள் வந்து விழும் அறைக்குள் போன பதிப்பவன், வழக்கம்போல் உள்ளே தாழிட்டுக்கொண்டான். கடைசித் துடிப்பைப் பதித்துவிட்டுத் தாழ்ப்பாளில் கை வைத்தபோது, கருவிக்கு வெளியே மகள் கோமதி படத்தைப் பெரிதாக்கத் திரையைத் தொட்டாள். வரைபவனுக்கு வேலை வந்தது. பதிப்பவன் வைத்த கையோடு உறைந்தான். அடுத்த துடிப்பு வந்து சேராததால் மணியடிப்பவன் ஓடி வந்து கதவில் முட்டி நின்றான். உள்ளே பார்க்காமல் மணியைத் தொட அவனுக்கும் அனுமதியில்லை. மணியடிப்பவன் கதவுக்காகக் காத்திருப்பது வேலையில் சேராது என்பதால் வரைபவன் தன் வேலையை நிறுத்தவில்லை. தன்னிடமிருந்த பழைய துடிப்பையே திரும்பத் திரும்ப அழகாக வரைந்துகொண்டிருந்தான்.

"நல்லாத்தானம்மா துடிக்கு" என்றாள் கோமதி.

அம்மா கண்களைச் சுருக்கிக்கொண்டு திரையருகே குனிந்தாள். "எனக்குச் சரியாத் தெரியல தாயி. இன்னும் கொஞ்சம் பெருசாக்கு."

கோமதி மறுபடியும் திரையைத் தொட்டாள்.