சக்கரத்தடியில் ஒரு பழம்

ஆயுள் முழுக்க நெல்மூட்டை சுமந்த ஒரு லாரியை ஒருவர் வாங்கினார். என்ஜினைக் கழற்றி விற்றுவிட்டு, சாலையோரம் நிறுத்தி, ஜன்னல் வெட்டி, மேஜை போட்டு அதைச் சாப்பாட்டுக்கடை ஆக்கினார். நடப்பதெல்லாம் ரிப்பேர் என்றே லாரி நினைத்தது.

திறப்பு நாளன்று, வண்டி என்றால் பழம் வைக்க வேண்டும் என்ற பழக்கத்தில், முன்சக்கரத்தை ஒட்டி அவர் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார்.

"பழம் வச்சாச்சு. இனி கிளம்ப வேண்டியதுதான்," என்றது லாரி.

"என்ஜின் எங்கண்ணே?" என்றது பழம்.

"வேலைக்குப் போயிருக்கு, வந்துடும். நசுங்கறதுக்கு உனக்கென்ன அவசரம்?"

"நசுங்கலைன்னா என்னை எதுக்கு வச்சாங்க?"

தன்னைப் பற்றி லாரி கேட்காமல் வைத்திருந்த கேள்வியும் அதுதான்.

மதியம் கூட்டம் ஏறியது. பாரத்தில் பழைய டயர் அமுங்கிப் பிதுங்கியது. பழம் மெல்லப் பிளந்து, சாறு மண்ணில் இறங்கியது.

"நகர்ந்துட்டேன்ல?" என்று லாரி தயங்கித் தயங்கிக் கேட்டது.

மேலே ஜன்னலோரம் யாரோ இரண்டாம் முறை சாம்பார் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமாண்ணே," என்றது பழம். "லோடு ஜாஸ்தி. மெதுவாவே போங்க."